கமலா ரீச்சர் என்னைக் கதைக்கச் சொன்னார்

கமலா ரீச்சர் செத்துப்போய்விட்டார் என்ற செய்தி முன்பள்ளிப் பெற்றோரின் வைபர் குழுவில்தான் வந்தது. அன்று பிள்ளைகளுக்கு இலைக்கஞ்சி காய்ச்சும் முறை என்னுடையது, முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தேன். துக்கத்துக்கு முதல் எனக்கு வந்தது வெட்கம். அவர் கேட்டிருந்த ஒன்றை நான் இன்னும் செய்யவில்லை.

இணுவிலில் அவரிடம் பிள்ளைகளை விட்ட உங்களுக்கெல்லாம் தெரியும், அவர் யாரையும் அதட்டமாட்டார். பிள்ளை கிள்ளினாலும் கடித்தாலும் பெற்றோரைத்தான் கூப்பிடுவார். "சின்னனுகள் வீட்டில கண்டதைத்தானே இஞ்சை விளையாடுதுகள்" என்பார்.

என்னையும் கூப்பிட்டார். என் மகள் ஆரணி, கவின் என்ற பிள்ளையை விளையாட்டில் சேர்ப்பதில்லை. அவன் கிட்ட வந்தால் மற்றப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு எழும்பிப் போய்விடுவாள். அவன் தனியே இருந்து அழுவான். ஏனென்று ரீச்சர் கேட்டதற்கு, "நாங்கள் உவையோடை கதைக்கிறேல்லை" என்றிருக்கிறாள். அது என் வசனம்.

கவினின் அம்மா சுகந்தி எங்கள் பக்கத்து வீடு. தன் மூத்தவள் பெரியபிள்ளையான சாமத்தியச் சடங்குக்கு நேரில் வந்து சொல்லாமல் வைபரில் அழைப்பு அனுப்பினாள். நான் போகவில்லை, ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்கவும் இல்லை. எனக்குச் சண்டை பிடிக்கத் தெரியாது, கதையை நிறுத்த மட்டும் நன்றாகத் தெரியும். ஒழுங்கையில் அவளைக் கண்டால் முகத்தைத் திருப்புவேன். என் கையைப் பிடித்தபடி மகள் அதைப் பார்த்திருக்கிறாள்.

"நான் சொன்னால் பிள்ளை கேக்காது. அவள் பாக்கத்தக்கதாய் நீர் ஒருக்கா சுகந்தியோடை கதையும்" என்றார் ரீச்சர்.

"ஓம் ரீச்சர், கதைக்கிறன்."

பிறகு காணும்போதெல்லாம் "கதைச்சனீரோ?" என்பார். இந்தக் கிழமை கதைக்கிறேன் என்பேன். கவின் முன்பள்ளிக்கு வரமாட்டேன் என்று அழுகிறான் என அவர் சொன்ன அன்றும் அதையே சொன்னேன். நானும் ஒரு மனுசியா?

ரீச்சரின் செத்த வீட்டில் சுகந்தி கவினை மடியில் வைத்திருந்தாள். ஆரணியோடு பக்கத்தில் போய் இருந்தேன். "கவின் சாப்பிட்டவனோ?" என்று கேட்டேன்.

அவள் பதில் சொல்ல முதல், சுற்றி இருந்த எல்லோருக்கும் கேட்க ஆரணி கேட்டாள்: "அம்மா, நாங்கள் உவையோடை கதைக்கிறேல்லை எல்லே?"

யாரும் சொல்லாமலே கவின் மடியை விட்டு இறங்கி, அப்பால் போய் நின்றான். அவனுக்கு அது பழகிவிட்டது. ரீச்சர் ஒவ்வொரு நாளும் கண்டதை நான் அன்றுதான் கண்டேன். "அம்மா செய்தது பிழை" என்றேன் ஆரணியிடம். சுகந்தி எழும்பிப் போய்விட்டாள்.

ரீச்சரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அவர் சொன்ன அந்த ஒரு வேலைதான். நேற்றும் ஆரணியைக் கூட்டிக்கொண்டு சுகந்தியின் படலையில் போய் நின்றேன். அவள் இன்னும் திறக்கவில்லை. நாளைக்கும் போவேன்.