அக்காவின் மேல்வரிசைப் பற்கள்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. அவரைப் பற்றி எழுதும் பொறுப்பைக் குடும்பத்தார் என்னிடம் தந்திருக்கிறார்கள். சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்ப்பவன் நான். மற்றவர்கள் எழுதியதை மடித்துத் தைத்துத்தான் பழக்கம். குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அட்டையிலுள்ள படத்தைப் பார்த்துவிட்டு, "இது உங்க அக்காவா?" என்று கேட்டவர்கள் உண்டு. கேட்டதில் தப்பில்லை. சேலைத் தலைப்பால் வாயை மூடியபடி இருக்கும் அக்காவைத்தான் பலரும் பார்த்திருக்கிறீர்கள்.

அக்கா காரியாபட்டிப் பக்கம் ஒரு மானாவாரிக் கிராமத்தில் பிறந்தார். நான் தவழும் வயதில் எங்கள் அம்மா இறந்துவிட்டார். அக்காதான் எனக்குச் சோறு ஊட்டினார், தலை வாரினார், பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டார். அவருடைய படிப்பு அதோடு நின்றது. தாயில்பட்டியில் லோடுமேன் வேலை பார்த்த மச்சானுக்கு அக்காவைக் கட்டிக்கொடுத்தபோது, "தம்பியும் என்கூட வருவான்" என்று சொல்லித்தான் தாலிக்குக் கழுத்தை நீட்டினாராம். மச்சான் அதை ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. அவர்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. அக்கா பட்டாசு ஆலைக்கு வேலைக்குப் போனார்.

அந்த நாளில் அக்காவின் சிரிப்பு தெருவுக்கே தெரியும். வேலை முடிந்து திரும்பும்போது ஆளைப் பார்க்கும் முன்பே சிரிப்புக் கேட்கும். கூடவே முத்துமாரி மதினியின் சிரிப்பும் கேட்கும். ஒரே அறையில் அக்காவோடு உட்கார்ந்து பட்டாசுக்குள் வெடிமருந்து செலுத்தும் வேலை பார்த்தவர் அவர். சொந்தமில்லை. ஆனால் சொந்தத்தைவிட நெருக்கம்.

ஒரு சீசன் நேரத்தில், மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன், அந்த ஆலையில் வெடிவிபத்து நடந்தது. அடுத்த அறையில் பிடித்த தீ இவர்கள் அறைக்குத் தாவிவிட்டதாகப் பின்னால் சொன்னார்கள். வாசல் பக்கம் உட்கார்ந்திருந்த அக்காவை வெடி வெளியே தூக்கி எறிந்தது. கல்தரையில் முகம் அடிபட்டு மேல்வரிசை முன்பற்கள் நான்கும் போயின. ஒரு கை வெந்துபோனது. உள்பக்கம் இருந்த முத்துமாரி மதினியை உயிரோடு எடுக்க முடியவில்லை.

கை ஆறியது. அக்கா வேறொரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து தொடாத பேக்கிங் பிரிவில் சேர்ந்தார். பேச்சுதான் ஆறவில்லை. பல் இல்லாத இடத்தில் காற்றுப் போவதால் அவர் சொல்வது பாதி புரியாது. கடையில் ஒன்று கேட்டால் வேறொன்றை எடுத்துக் கொடுப்பார்கள். அவரும் திருத்தாமல் வாங்கி வருவார். சோற்றை ரசத்தில் கரைத்து, அடுப்படியில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவார்.

மச்சான் வற்புறுத்தி, கழற்றி மாட்டும் பல்செட் ஒன்று செய்து கொடுத்தார். அதை மாட்டிக்கொண்டு விஸ்வநத்தத்தில் ஒரு காதுகுத்துக்குப் போனோம். பந்தியில் கறியை மென்றபோது பல்செட் கழன்று இலையில் விழுந்துவிட்டது. எதிர்வரிசையில் ஒருவர், "ஏலே, அங்கன பாருலே, பல்லு இலைக்கு வந்திருச்சு" என்றார். பந்தியே சிரித்தது. அக்கா இலையை அதன்மேல் மடித்தார். பல்செட்டை இலைக்குள்ளேயே விட்டுவிட்டு எழுந்து பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார். மச்சான் கை கழுவாமலே பின்னால் ஓடினார். அதற்குப் பிறகு அக்கா எந்த விசேஷத்துக்கும் போகவில்லை.

முத்துமாரி மதினிக்கு ஒரு மகள், செல்வி. விபத்தின்போது சின்னப் பிள்ளை. அவளை உறவினர்கள் எடுத்து வளர்த்தார்கள். சந்தையில் அவளைக் கண்டால் அக்கா அடுத்த சந்துக்குள் நுழைந்துவிடுவார்.

வருடங்கள் போயின. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் செல்வியே வீடு தேடி வந்தாள். விருதுநகரில் ஒரு பல் ஆஸ்பத்திரியில் உதவியாளராக வேலை பார்ப்பதாகச் சொன்னாள்.

"அத்தை, எங்கம்மாகூடக் கடைசியா இருந்தது நீங்கதான். அவுக என்ன பேசுனாக? எனக்குச் சொல்றதுக்கு வேற ஆளே இல்ல."

அக்கா தலைப்பை இழுத்து வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார். மச்சானுக்குத் தர்மசங்கடம். "அவ எங்ககிட்டயே பேசறதில்ல தாயி. பல்லு போனதுல இருந்து இப்படித்தான்" என்றார்.

"பல்லு கட்டிரலாம் மாமா. கழட்டி மாட்டுறது இல்ல. ரெண்டு பக்கத்துப் பல்லையும் பிடிச்சு அசையாமக் கட்டுறது. பிரிட்ஜுன்னு சொல்லுவோம்."

உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது. "அவ மண்ணோட மண்ணாப் போயிட்டா. எனக்குப் பல்லு ஒரு கேடா?"

செல்வி அன்று கிளம்பிப் போனாள். அடுத்த வாரமும் வந்தாள், அதற்கடுத்த வாரமும் வந்தாள். அம்மாவைப் பற்றிய பேச்சையே எடுக்காமல் அக்காவோடு உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள், துணி மடித்தாள். ஒருநாள் மட்டும், "எங்கம்மா முகம் எனக்கு மறந்துக்கிட்டே வருது அத்தை" என்றாள். அந்த வாரமே அக்கா என்னைக் கூப்பிட்டு, "விருதுநகருக்குப் போவமா?" என்றார்.

முதல்நாள் பாதியிலேயே திரும்பியிருப்போம். இடைவெளிக்கு இரண்டு பக்கமும் இருந்த கோரைப்பற்களைத் தேய்த்தால்தான் உறை மாட்ட முடியும். ஊசி போட்டுத் தேய்க்கத் தொடங்கியதும் லேசாகக் கருகல் வாடை வந்தது. அக்கா டாக்டரின் கையைத் தட்டிவிட்டு எழுந்து வெளியே ஓடினார். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

டாக்டர் ஓர் இளம்பெண். கையுறையைக் கழற்றிவிட்டு வந்து அதே பெஞ்சில் உட்கார்ந்தார். அக்கா மெதுவாகக் கேட்டார்:

"நல்லா இருக்கற பல்லை எதுக்கும்மா தேய்க்கறீக?"

"நடுவுல வைக்கிற நாலு பல்லும் அந்த ரெண்டு மேலதான் நிக்கணும்மா. தேய்க்கறது எனக்கும் மனசுக்குக் கஷ்டம்தான். வேணாம்னா இப்பவே நிறுத்திக்கலாம், தேய்ச்ச இடத்தை அடைச்சு விட்டுடறேன்."

அக்கா வாயோரத்தைத் தலைப்பால் துடைத்துக்கொண்டார். பிறகு, "இந்தப் பிள்ளை என் கையைப் பிடிச்சுக்கிட்டா வாரேன்" என்று செல்வியைக் காட்டினார்.

அளவெடுத்தார்கள். உண்மையான பல் வரும்வரை தற்காலிகப் பல் வைத்தார்கள். நிறம் பார்க்கும்போது டாக்டர் வெள்ளையான மாதிரிகளைக் காட்ட, அக்கா தலையாட்டி மறுத்தார். எங்கள் ஊர்த் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களுக்குப் பல்லில் இளம்பழுப்புக் கறை இருக்கும். "மத்த பல்லுல இருக்கற கறை இதுலயும் இருக்கட்டும். இல்லாட்டி இரவல் பல்லு மாதிரி இருக்கும்" என்றார். அப்படியே செய்து வந்தது.

பல்லைப் பசை வைத்து ஒட்டிய அன்று டாக்டர், "எதையாவது சொல்லிப் பாருங்கம்மா" என்றார். அக்கா, "செல்வி" என்றார். சகரம் சுத்தமாக வந்தது. இன்னொரு தடவை சொன்னார். கண்ணாடியைப் பார்க்கவே இல்லை.

அன்று மாலை விருதுநகர் பஸ் ஸ்டாண்டில், பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது, செல்வி கேட்காமலே அக்கா சொன்னார். நானும் பக்கத்தில் இருந்தேன்.

"நீ பள்ளிக்கூடத்து டான்ஸ்ல சேந்திருந்தீல்ல, அதை உங்கம்மா ஆடிக் காமிச்சா. ஒக்காந்தமேனிக்குத் தலையை ஆட்டி, கண்ணை உருட்டி... 'எம்பிள்ளை ஆட்டம் இம்புட்டுத்தான் மதினி, ஆனா அம்புட்டு அழகு'ன்னா. நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். அவளும் சிரிச்சா. அம்புட்டுத்தான். கண்ணைத் தொறக்கும்போது தரையில கெடக்கேன். நாங்க சிரிச்சு ஆடுனதுலதான் மருந்து எங்கயும் உரசிருச்சோன்னு..."

"தீ பக்கத்து ரூம்லதானே அத்தை பிடிச்சுச்சு? எல்லாரும் சொன்னாகளே."

"சொன்னாக. என் மனசு கேக்கலையே தாயி."

செல்வி அழுதாள். பிறகு அழுகைக்கு நடுவிலேயே, "நெசமாவே கண்ணை உருட்டுனாகளா?" என்று கேட்டாள். அக்கா உருட்டிக் காட்டினார். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அப்போது செல்வி தன் செல்போனில் எடுத்ததுதான் அட்டையிலுள்ள படம்.

இதற்குப் பிறகு அக்கா நீண்ட காலம் நன்றாக இருந்தார் என்று எழுத எனக்கு ஆசை. அப்படி நடக்கவில்லை. சில ஆண்டுகளில் கருப்பையில் புற்றுநோய் என்றார்கள். மதுரை ஆஸ்பத்திரிக்கு அலைந்தோம். மருந்தின் கடுமையில் வாயெல்லாம் புண்ணாகி, ஈறு சுருங்கி, தாங்கி நின்ற கோரைப்பல் ஒன்று ஆட்டம் கண்டது. வலி அதிகமானால் பிரிட்ஜை வெட்டி எடுத்துவிடலாம் என்று பல் டாக்டர் சொன்னார்.

"வேணாம்மா. பேசறமட்டும் பேசிக்கிட்டுக் கெடக்கேன்" என்றார் அக்கா.

செல்வி வேலை முடிந்ததும் தாயில்பட்டிக்கு வந்து, கட்டிய பல்லுக்கு அடியில் நூலை விட்டுச் சுத்தம் செய்து, உப்புத் தண்ணீரில் வாயைக் கொப்பளிக்க வைப்பாள். அக்கா கடைசிவரை பேசினார். எங்கள் அம்மாவைப் பற்றி எனக்குத் தெரியாததையெல்லாம் அப்போதுதான் சொன்னார். கடைசி நாட்களில் பேச்சுத் தேய்ந்து, கேட்டதற்குத் தலையை மட்டும் அசைத்தார். ஒரு காலையில், மச்சான் கொடுத்த பாலில் பாதி உள்ளே போனது. மீதி போகவில்லை.

அக்காவின் மருத்துவத்துக்கும் இறுதிக் காரியங்களுக்கும் துணை நின்ற ஒவ்வொருவருக்கும் நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். வராந்தா பெஞ்சில் வந்து உட்கார்ந்த பல் டாக்டருக்கு நன்றி. மதுரை ஆஸ்பத்திரியின் செவிலியர்களுக்கு நன்றி. செல்விக்கு நன்றி சொன்னால் அவள் கோபித்துக்கொள்வாள். அவள் எங்கள் வீட்டுப் பிள்ளை.

இன்னும் சிலருக்குச் சொல்ல வேண்டும். அக்காவைக் கிடத்தியிருந்தபோது, அவர் வேலை பார்த்த கம்பெனியின் மருந்து அறைப் பெண்கள் பாதி வேலையில் கிளம்பி வந்திருந்தார்கள். வந்தவர்கள் வீட்டுக்குள் வராமல் தெருவின் எதிர்ச்சாரியில் வெயிலில் நின்றார்கள். நான் போய்க் கூப்பிட்டேன். அவர்களில் ஒருவர், "மேலெல்லாம் மருந்துப் பொடியா இருக்கு தம்பி. உள்ள தலைமாட்டுல விளக்கு எரியுதுல்ல. நாங்க இங்கன இருந்தே பாத்துக்கறோம்" என்றார்.

நான் உள்ளே வந்து சொன்னேன். மச்சான் எழுந்து விளக்கைக் கையில் எடுத்தார். "தலைமாட்டு விளக்கை எடுக்கக் கூடாதுப்பா" என்று பெரியவர்கள் தடுத்தார்கள். மச்சான் யாரையும் பார்க்கவில்லை. விளக்கைக் கொல்லைப்பக்கம் கொண்டுபோய் வைத்துவிட்டு, வாசலுக்கு வந்து, "வாங்க தாயி, எல்லாரும் உள்ள வாங்க" என்று கூப்பிட்டார். அவர்கள் வந்து அக்காவைச் சுற்றி உட்கார்ந்து அழுதுவிட்டுப் போகும்வரை, விளக்கு அங்கேயே எரிந்தது.