டாக்டர் கேட்ட மூன்று கேள்விகள்

பஹ்ரைனில் எங்கள் கம்பெனிக்கு ஒரு ரக்பி அணி இருந்தது. எங்களுக்கு விசா கொடுக்கும் அரபி முதலாளி, கஃபீலுக்கு, அந்த ஆட்டத்தில் அப்படியொரு பைத்தியம். கண்டியில் பேர் வாங்கிய ஒருவனை ஸ்டோர் கிளார்க் விசாவில் கொண்டுவந்தார். ஸ்டோர் எந்தப் பக்கம் என்றே அவனுக்குத் தெரியாது, விளையாடத்தான் சம்பளம். அணிக்குத் தண்ணீர் கொடுக்கவும் பை தூக்கவும் ஆள் வேண்டும் என்று அவன் சொல்லித்தான் எனக்கு விசா வந்தது. இருவருமே மலையகத்துக்காரர்கள். ஒரே ரூம்.

அந்த வருடம் அவன் தோள்மூட்டு விலகி ஒரு மாதம் ஆடாமல் உட்கார்ந்துவிட்டான். இன்னொரு தடவை உட்கார்ந்தால் கலாஸ், எல்லாம் முடிந்தது, இரண்டு பேருக்கும் ஊருக்கு டிக்கெட் என்று கஃபீல் சொல்லிவிட்டார். ஆட்டத்தில் யாருக்காவது தலையில் அடிபட்டால் வெள்ளைக்கார டாக்டர் மைதானத்துக்குள் வந்து மூன்று கேள்வி கேட்பார். எந்த மைதானம், யாரோடு ஆட்டம், ஸ்கோர் என்ன? தடுமாறினால் மூன்று வாரம் வெளியே.

"மச்சான், எனக்கு அப்படி ஆச்சுன்னா பதில தமிழ்ல சொல்லிரு. அந்த வெள்ளக்காரனுக்கு என்னா வெளங்கப் போகுது?" என்றான். நானும் பெரிய மூளைக்காரன் போலச் சிரித்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை எதிரணிக்காரனின் முழங்கால் அவன் காதோரம் இடித்தது. பாட்டிலோடு ஓடினேன். கண் திறந்திருந்தது. "லயத்துக் கதவ சாத்துங்க, மழை" என்றான். ஊரில் தோட்டத்து லயன் வீட்டில் இருப்பதாக அவனுக்கு நினைப்பு. ஆனாலும் டாக்டர் கேட்கக் கேட்க, பாட்டிலை அவன் வாயில் வைத்தபடி, "நம்ம கிரவுண்டு. துபாய்க்காரங்க. பத்துக்கு ஏழு, நாமதான் முன்னுக்கு" என்று சொல்லிக்கொடுத்தேன். அவன் இங்கிலீஷில் ஒப்பித்தான். நான் ஆறுதல் சொல்வதாக நினைத்து டாக்டர் என் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

பத்து நிமிடம் கழித்து இன்னொருவன் அவனை டேக்கிள் செய்து சாய்த்தான். பெரிய அடிகூட இல்லை. அவன் எழுந்திருக்கவில்லை.

அவனுக்காகத்தான் செய்தேன் என்று பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். பொய். பாட்டிலோடு ஓடும்போது என் டிக்கெட்டைத்தான் நினைத்தேன்.

அவனை ஆஸ்பத்திரியிலிருந்து நேரே ஏர்போர்ட்டுக்குச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனார்கள். கம்பெனி ஒரு கடிதம் தயாரித்தது: டாக்டர் கேட்டதற்கெல்லாம் சரியாகப் பதில் சொல்லி, தன் விருப்பத்தில் மீண்டும் ஆடினான், கம்பெனிக்குப் பொறுப்பில்லை. சாட்சிக் கையெழுத்துக்கு, பக்கத்தில் நின்றவன் என்று என்னைக் கூப்பிட்டார்கள். போட்டேன். அதன்பின் நான்கு வருடம் அங்கேயே வேலை பார்த்தேன்.

அவன் மனைவி ஒருநாள் போன் செய்தாள்.

"அண்ணே, இவருக்குச் சோத்த ஊட்டிவிட்டா முழுங்க மறந்துர்றாரு. கடுதாசில எல்லாத்துக்கும் சரியா பதில் சொன்னாருன்னு போட்டிருக்கு. நீங்க பக்கத்துல தானே நின்னீங்க? நெசமா அவரேதான் சொன்னாரா?"

"ஆமா தங்கச்சி. அவரேதான் சொன்னாரு."

"அப்ப எல்லாம் இவரா இழுத்துக்கிட்டதுதான்" என்றவள், போனை வைக்காமலே திரும்பி அவனைத் திட்ட ஆரம்பித்தாள்.