சம்பந்தி ஆகாதவர்களுடன் ஒரு பயணம்

மலையிலிருந்து ஒஸ்லோவுக்குத் திரும்ப நான்கு மணி நேரம் இருந்தது. அதற்குள் கேட்டுவிட வேண்டும். நான்கு நாட்களாகத் தொண்டைக்குள் வைத்திருந்த கேள்வி: உங்கள் மகன் என் மகளை எப்போது கலியாணம் செய்வான்?

இருவரும் ஒரே வீட்டில் இருக்கத் தொடங்கி மூன்று வருடமாகிறது. பொடியனின் தாயும் தகப்பனும் நோர்வேஜியர். பென்சன் எடுத்ததும் ஒரு பூபில் வாங்கினார்கள். கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வாகனம். இலையுதிர்கால மலை பார்க்க வாருங்கள் என்று என்னையும் என் கணவரையும் அழைத்தபோது, சம்பந்தம் பேசத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

"கலியாணக் கதை மட்டும் கதைக்காதேங்கோ அம்மா" என்று வெளிக்கிடும்போதே மகள் சொல்லியிருந்தாள். சரி, கதைக்கவில்லை. முதல் நாள் எங்கள் கலியாணப் படத்தைக் காட்டினேன். சேலை அழகு என்றார் அந்தத் தாய். இரண்டாம் நாள், பேரப்பிள்ளைகள் என்றால் விருப்பமா என்று கேட்டேன். விருப்பம் என்று சொல்லிக் கோப்பி ஊற்றினார். பிறகு பின்னல் ஊசிகளை எடுத்துக்கொண்டார்.

வெளியே பேர்ச் மரங்கள் மஞ்சளாய் நின்றன. தரையெல்லாம் செம்பு நிறம், உச்சிகளில் புதுப் பனி.

"இஞ்சை பாரும், என்ன வடிவு" என்று தமிழில் சொன்னார் முன் ஆசனத்தில், வாகனம் ஓட்டிய பொடியனின் தகப்பனுக்குப் பக்கத்தில் இருந்த என் கணவர்.

"நாலு நாளா மலையைப் பாத்தது போதும். நீங்கள் அவரிட்டைக் கேளுங்கோ."

"நீர் சும்மா இரும். பிறகு பிள்ளை வீட்டுப் பக்கமும் வரமாட்டாள்."

அடுத்த வளைவில் வாகனம் நின்றது. கோடை முழுக்க மலையில் மேய்ந்த செம்மறிகளை வீதி நிறையக் கீழே ஓட்டிக்கொண்டு வந்தார்கள். ஆண்கள் இருவரும் படம் எடுக்க இறங்கினார்கள். இதை விட்டால் வேறு சந்தர்ப்பம் கிடைக்காது.

"உங்கள் மகனுக்கு என் மகளைக் கட்டுகிற எண்ணமே இல்லையா?" நோர்வேஜிய மொழியில்தான் கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

அந்தத் தாய் பின்னிக்கொண்டிருந்த ஸ்வெட்டரை மடியில் வைத்தார்.

"வசந்தத்தில் கேட்டான். அவள் மாட்டேன் என்றாள். கோடையில் மறுபடி கேட்டான். இனிமேல் கேட்காதே என்றாளாம். உங்களுக்கு எங்களைப் பிடிக்கவில்லையோ என்று நினைத்தோம். எங்களோடு இருந்து பார்க்கட்டும் என்றுதான் உங்களை அழைத்தோம்."

எனக்கு முகம் எரிந்தது. மூன்று வருடமாகத் தொலைபேசியில் தங்கைமாரிடம் அந்தப் பொடியனைத் திட்டித் தீர்த்திருக்கிறேன்.

"உங்களை எங்களுக்கு நன்றாகப் பிடிக்கும்" என்றேன். அது உண்மை.

"அப்படியென்றால் ஏன் மறுக்கிறாள்? நீங்கள் தாய். உங்களுக்குத் தெரிந்திருக்குமே."

ஆண்கள் ஏறிக் கதவைச் சாத்தினார்கள். வாகனம் கிளம்பியது. அந்தத் தாய் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வேலை, வீட்டுக்கடன், வயது என்று ஒவ்வொரு காரணமாக மனதுக்குள் எடுத்துப் பார்த்தேன். எல்லாம் நான் சொல்லக்கூடிய காரணங்கள். மகள் சொல்வதாக ஒன்றையும் நினைத்துப் பார்க்க முடியவில்லை. சனிக்கிழமை தோறும் மோர்டென்ஸ்ருட்டில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு வந்து, நான் சமைத்ததைக் கட்டிக்கொண்டு போகிற பிள்ளை.

எனக்குத் தெரியாது என்று அந்த அம்மாவிடம் ஒருவழியாகச் சொன்னபோது, ஒஸ்லோவுக்கு ஒரு மணி நேரமே இருக்கிற ஹோனெஃபொஸ் வந்துவிட்டிருந்தது.