ஸாலிஹாவின் கைமாறு

"சும்மா சொல்லித்தர ஏலாது புள்ள. ஒங்களுக்கு என்ன தெரியும்? அதச் சொல்லுங்க மொதல்ல."

வட்டிலப்பம் செய்யக் கற்றுத்தரும்படி கேட்டு வந்தவளை வாசலிலேயே நிறுத்தி வைத்திருக்கிறாள் ஸாலிஹா. கினிகத்தேனைக் கடைத்தெருவுக்குப் பின்னாலுள்ள வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த சட்டம் இது. பக்கத்து வீட்டுக் குசுமலதா, நல்ல கித்துள் பனைப் பாணியையும் சீனிப்பாகு கலந்ததையும் பிரித்தறியச் சிங்களத்திலேயே கற்றுக்கொடுத்த பிறகுதான் பிரியாணிப் பக்குவம் அவளுக்குக் கிடைத்தது. தான் கற்றது மறந்துவிட்டால் ஸாலிஹாவே மறுபடி போய்க் கதவைத் தட்டுவாள். வெட்கமெல்லாம் கிடையாது.

கணவர் ஹுசைனுக்கு டாக்டர் இன்சுலின் எழுதிக்கொடுத்த அன்று மட்டும் அவள் எந்தக் கதவையும் தட்டவில்லை. ஊசியைக் கண்டாலே அவளுக்குத் தலை சுற்றும். எதிர்வீட்டுக் கிருஷாந்தி அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். டவுனில் ஒரு டாக்டரிடம் தாதியாக வேலை. அவள்தான் ஒரு தோடம்பழத்தைக் கொண்டுவந்து ஸாலிஹாவின் கையில் வைத்தாள்.

"இதுதாங்க ஹுசைன் நானா. குத்துங்க."

பழத்தில் கை பழகியதும் புருஷனிடம் வந்தாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, "முடிஞ்சா?" என்றார். எப்போதோ முடிந்திருந்தது. கிருஷாந்தி கைமாறாக நெய்ச்சோறு கற்றுக்கொண்டு போனாள்.

இந்த நோன்பு மாதத்தில் ஒரு காலை. ஏழு மாதக் கர்ப்பிணியான கிருஷாந்தி, இன்சுலினும் ஊசியுமாக வந்து நின்றாள். கர்ப்பத்தில் சீனி ஏறியிருந்தது. அவள் புருஷனுக்குக் கொழும்பில் வேலை.

"எத்தன பேருக்குக் குத்தியிருக்கேன் அக்கா. என் வயித்துல குத்தக் கை வரமாட்டேங்குது. உள்ள புள்ள இருக்குல்ல… நேத்தும் போடலங்க."

"நேத்துமா? பைத்தியமா புள்ள ஒனக்கு? அந்தப் புள்ளைக்காகத்தானே இது!"

அன்று ஸாலிஹா கைமாறு கேட்கவில்லை. கையைக் கழுவினாள். அளவை கிருஷாந்தியிடமே இரண்டு முறை சரிபார்க்கச் சொன்னாள். வயிற்றோரம் சதையைக் கிள்ளிப் பிடித்து, தோடம்பழத்தில் பழகிய கையால் குத்தினாள். ஊசி போய் வந்ததே தெரியாமல், கிருஷாந்தி பல்லைக் கடித்தபடி கண்ணை மூடியே இருந்தாள்.

ஊசி போட்டால் உடனே சாப்பிட வேண்டும். குரக்கன் என்னும் கேழ்வரகு ரொட்டியும் பருப்பும் தட்டில் வந்தன.

"நோன்போட உப்புப் பாக்க ஏலாது. சரியா இருக்கா, சொல்லு."

ஒரு வாய் வைத்த கிருஷாந்தி, கண்ணீரோடு மெல்லாமலே தலையாட்டினாள். ஸாலிஹா நம்பவில்லை. இன்னொரு துண்டைப் பிய்த்துப் பருப்பில் தோய்த்து, அவள் வாய்க்கு நேரே நீட்டிக்கொண்டு நின்றாள்.