இடிந்த கூடத்தில் என் பிள்ளையின் அழுகை

மூன்று நாள் காய்ச்சல் விட்டு, மகன் இன்று மதியம்தான் அசந்து தூங்கினான்.

எண்பதுகளில் இடிந்துபோன சேவூர் மாளிகையின் கூடத்தில்தான், அது இடிவதற்கு முன், மாமியார் கல்யாணம் நடந்தது. அந்தக் கல்யாணப் போட்டோக்களை வைத்து, கூடத்தில் சத்தம் எப்படி எதிரொலித்திருக்கும் என்று கம்ப்யூட்டரில் கணக்கிட்டு உருவாக்குகிறாள் நாத்தனார். அந்தக் கணக்கைச் சரிபார்க்க, முதலில் எங்கள் ஹாலில் பலூன் உடைத்து, அதன் எதிரொலியைப் பதிய வேண்டுமாம்.

"தூங்கிகினு இருக்கான்மா..."

"ஒண்ணே ஒண்ணுதான் அண்ணி!"

டமார். பையன் அலறினான். அதுவும் பதிவாகிவிட்டது.

மாலையில் என் காதில் ஹெட்போனை மாட்டினாள். "கேளுங்க அண்ணி, நம்ம குட்டி அந்தக் கூடத்துல அழுவுறான்!"

ஒரு அழுகை சுவரெல்லாம் தொட்டு, பெரிதாகித் திரும்பி வந்தது. என் கை தானாக அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தது.

"அங்க சத்தமே கேக்காத ரூம் எதுனா இருந்துச்சா?"

"எதுக்கு அண்ணி?"

இடிந்திருந்தாலும் பரவாயில்லை, ஒரு பாய் விரித்துப் பிள்ளையைத் தூங்க வைக்க இடம் போதும். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.