கூட யார் வந்திருக்கிறீர்கள்?

பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருப்பவர் மடியில் என்ன வைத்திருக்கிறார் என்று பார்க்காமல் இருக்க என்னால் முடியாது. கெட்ட பழக்கம்தான்... விட முடியவில்லையே!

போன மாதம் குன்னூரிலிருந்து கோயமுத்தூர் போனேன். பக்கத்தில், நாற்பதைத் தாண்டிய ஒரு பெண். மடியில் துண்டு சுற்றிய சின்ன பாட்டில். பர்லியாறு வருவதற்குள் பஸ் நின்றுவிட்டது — மண் சரிவு. நான் இறங்கினேன், ஏறினேன், மறுபடி இறங்கினேன். பாவம், டிரைவரிடமும் சிடுசிடுத்தேன். அந்தப் பெண் பாட்டிலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"சுணங்கினா இந்தப் போத்தல்ல உள்ளது கெட்டுப் போயிருமாம்மா?"

"என்னங்க அது?"

"என் வயித்துச் சதைம்மா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சமாளித்துக்கொண்டு, "மருந்து ஊத்தித்தானுங்க குடுத்திருப்பாங்க, கெடாதுங்க" என்றேன்.

செல்லம்மா என்று வைத்துக்கொள்வோம். சிலோன் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, இரு நாட்டு ஒப்பந்தப்படி இங்கே கப்பலேற்றி அனுப்பப்பட்டவர். இப்போது குன்னூர் பக்கம் ஒரு எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறார். கணவர் இறந்துவிட்டார். ஒரே மகள் கல்யாணமாகி சிலோனிலேயே தங்கிவிட்டாள். சில மாதங்களாக இவர் வயிறு பெருத்துக்கொண்டே வந்திருக்கிறது. புருஷன் இல்லாதவள் வயிறு பெருத்தால் எஸ்டேட் லயத்து வீடுகளில் என்ன பேசுவார்கள்? நான் சொல்லவும் வேண்டுமா?

குன்னூர் ஆஸ்பத்திரியில், குடலை மூடியிருக்கும் ஜவ்வு தடித்திருக்கிறது என்றார்களாம். டி.பி.யாக இருக்கலாம், புற்றுநோயாகவும் இருக்கலாம். ஒரு துணுக்கு எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். முன்பெல்லாம் அதற்கு வயிற்றைக் கிழிக்க வேண்டும். இப்போது புதிதாக ஸ்கேன் மெஷின் வந்திருக்கிறதே!

"மரக்க ஊசி போட்டுட்டு, டிவி மாதிரி ஒண்ணுல பாத்துக்கிட்டே இன்னொரு ஊசிய உள்ள வுட்டாங்கம்மா. நானும் பாத்தேன். மழை பேயிற மாதிரிதான் தெரிஞ்சிச்சு." மறுநாளே எழுந்து, எடுத்த துணுக்கைத் தானே கோயமுத்தூர் லேபுக்குக் கொண்டுபோகிறார். வேறு யார் இருக்கிறார்கள்?

"கெட்ட வருத்தம், தீராத நோவுன்னா மகள இப்பவே கூப்பிடணும். பாஸ்போட்டு, விசான்னு மாசக்கணக்கா இழுக்கும். மாத்திரையில போற வருத்தம்னா எதுக்கு வீணா புள்ளய அலைய வைக்கணும்? அது தெரிஞ்சாப் போதும்மா."

இறங்கும்போது குன்னூரில் என் வீட்டு அடையாளம் சொன்னேன். அப்புறம் ஒரு வாரம் எனக்கு வேலையே ஓடவில்லை. பால் பொங்கி வழிந்தது. வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்தேன். முன்பின் தெரியாத ஒருத்திக்காக இவ்வளவு தவிப்பா?

செவ்வாய்க்கிழமை வந்து நின்றார்.

"கூட யாராச்சும் வந்தாத்தான் முடிவைச் சொல்லுவாங்களாம். உங்கள அக்கான்னு சொல்லிக்கவா? கோவிச்சுக்காதீங்க."

எனக்குக் கோபம்தான்... ஆனால் அவர்மேல் இல்லை. நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் இது என்ன வழக்கம்? ஊசி ஒருவருக்கு, செய்தி இன்னொருவருக்கு! பரீட்சை எழுதியவரை வெளியே நிறுத்திவிட்டு, மார்க்கைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்வார்களா?

அக்காவாகப் போனேன். டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

"புற்றுநோய்தாங்க. ஜவ்வு முழுக்கப் பரவியிருக்கு. கோயமுத்தூருக்கு எழுதித் தரேன், மருந்து குடுத்துப் பாப்பாங்க. ஆனா... ரொம்ப நாள் எதிர்பார்க்க முடியாது." குரலைத் தாழ்த்தினார். "நோய் பேரை மட்டும் அவங்ககிட்ட சொல்லிடாதீங்க. மனசு உடைஞ்சிரும். எனக்கு வாக்குக் குடுங்க."

தலையாட்டினேன். அவர் நல்ல மனிதர் — அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. கெட்டவராக இருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

வெளியே வந்து நேராக அவரிடம் போகத் தைரியமில்லை. தண்ணீர்க் குழாய்வரை போனேன். திரும்பினேன். மறுபடி குழாய்க்கே போனேன். பொய் சொல்லலாமா? "ஒண்ணுமில்லைங்க, புண்ணு" என்று சொன்னால் நம்பிவிடுவாரா? நம்பிவிட்டால்? மகளைப் பொங்கலுக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடுவாரே!

செல்லம்மாவே எழுந்து என்னிடம் வந்தார். என்ன வியாதி என்று கேட்கவில்லை.

"மகளக் கூப்பிடவா அக்கா?"

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"கூப்பிடு கண்ணு. இன்னிக்கே."

முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதார். நானும்தான். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தபாலாபீஸ் மூடுறதுக்குள்ள தந்தி குடுத்துருவோம், வாங்க" என்று எனக்கு முன்னால் நடந்தார்.

டாக்டர் ஐயா, வாக்குத் தவறவில்லை — நோயின் பெயரை நான் சொல்லவே இல்லை.