மூத்தவளும் இளையவளும்

மட்டன் ரோல்ஸ் ஒன்றை இடுப்பின் வலப்பக்கம் வைத்துப் பார்த்தார் கிறிஸ்தோப்பர். அதை எடுத்துவிட்டு, அதே இடத்தில் தட்டையான சிறு பற்றிஸ் பலகாரம் ஒன்றை வைத்தார். ஞாயிறு பூசை முடிந்து கோயிலின் கீழ்மண்டபத்தில் தேநீர் குடிப்பவர்களுக்கு இது பழகிய காட்சி. சட்டையில் எண்ணெய் படுவது அவருக்கு ஒரு பொருட்டே அல்ல.

"மூத்தவள் பாரம், ஆனா பத்துக் குண்டு பிடிக்கும். இளையவள் மெலிவு. சட்டைக்குள்ள இருந்தாலும் தெரியாது. ஆனா சுட்டால் கையை உதறும்."

வங்கிகளுக்குப் பணம் கொண்டுபோகும் கவச வண்டியில் பதினொரு வருடமாக அவர் காவலாள். மூத்தவள், கம்பனி கொடுத்த கைத்துப்பாக்கி. ஒரு நாளும் அவளை உருவ நேர்ந்ததில்லை. வேலை முடிந்ததும் ஒப்படைத்துவிட வேண்டும். ஓய்வு நேரத்தில் இடுப்பில் கொண்டு திரிய இந்த நாட்டில் அனுமதி இல்லை. ஆகவே இளையவள், அவர் ஆசைப்படும் சின்னக் கைத்துப்பாக்கி, போனில் சேமித்த படத்தோடு சரி. பெண்ணே கிடையாது, சீதனம் வரைக்கும் பேச்சு!

போன மாதத்திலிருந்து இந்த ஒப்பீடு முற்றிவிட்டது. வருடாந்தச் சுடும் சோதனையில் முதல்முறையாகத் தவறிவிட்டார். வியாழக்கிழமை இன்னொரு தரம். அதிலும் தவறினால் வேலை போய்விடும். வீட்டில் மூச்சு விடவில்லை. பழி முழுக்க மூத்தவள் தலையில். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். பாவம், மூத்தவளுக்குத் திருப்பிச் சொல்ல வாயில்லை.

"அவளோட இனிச் சரிவராது அண்ணை. இளையவள்தான் எனக்குத் தோது" என்று தேநீர்க் கூட்டாளி சவிரிமுத்தரிடம் அவர் குமுறியது, பக்கத்து மேசையில் கோயிலுக்குப் புதிதாக வந்த அனோஜினியின் காதில் விழுந்தது. அவ்வளவுதான். தேநீர் ஆறுவதற்குள் கிறிஸ்தோப்பரின் மனைவி றோசலினின் கையைப் பிடித்து, "அழாதேங்கோ அக்கா" என்று அனோஜினியே அழுதுகொண்டிருந்தாள்.

றோசலின் அழுகிற ஆள் இல்லை. காரில் ஏறியதும் கோயிலில் கொடுத்த தாளை வாசித்தபடியே கேட்டார்.

"இளையவள் ஆர்?"

திகைத்துப்போன கிறிஸ்தோப்பர் போனை எடுத்துப் படத்தைக் காட்டினார். றோசலின் உற்றுப் பார்த்தார்.

"நல்ல காலம், இவளுக்குச் சீலை வாங்கத் தேவையில்லை. அப்ப மூத்தவளில என்ன குறை?"

"குழல் நுனியில இருக்கிற குறி மங்கலாக் கிடக்கு. போன மாசம் சோதினையில பெயில். வியாழக்கிழமையும் விட்டால் வேலை இல்லையப்பா."

அவருக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது. ஐம்பது வயதுக்காரனுக்கு யார் புது வேலை வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள்?

"மங்கல் அவளுக்கோ, உங்களுக்கோ?"

றோசலின் தன் வாசிப்புக் கண்ணாடியைக் கழற்றி நீட்டினார். சிவப்புச் சட்டம், ஓரத்தில் பூ வேறு. கிறிஸ்தோப்பர் கார் நிறுத்துமிடத்தைச் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மாட்டிக்கொண்டார். கையை ஸ்டியரிங்குக்கு மேலாக நீட்டி, ஒரு கண்ணை மூடி, பெருவிரல் நகத்தைப் பார்த்தார். நகத்தின் கோடுகள் ஒவ்வொன்றும் தெரிந்தன.

"தாங்கோ, நான் வாசிச்சு முடிக்கேல்லை" என்று றோசலின் கையை நீட்டினார்.

கிறிஸ்தோப்பர் கண்ணாடியைக் கழற்றி, மெல்ல மடித்து, தன் சட்டைப்பைக்குள் வைத்துப் பொத்தானைப் பூட்டினார்.